ஒன்றேகால் முழ மைக்

அவன் கடையை நான் முதலில் கடையாகவே மதிக்கவில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்குக் காலி கேசட்டில் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தான். படிக்குக் கீழே என்பதால் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. அப்படிக் குனிந்தே கிடந்தவன், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வீடியோ கேமரா வாங்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் நிமிர்ந்து வந்தான். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அதை மறைத்து எழுதுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

நான் அவனுக்கு வெகு காலம் முன்பே டவுனில் ஸ்டுடியோ வைத்தவன். போட்டோவில் ஆரம்பித்து வீடியோவுக்கு வந்தவன். எங்கள் பக்கத்தில் ரோஜாப் பூ விரிய, உள்ளேயிருந்து பெண்ணின் முகம் வருகிற மாதிரி முதன்முதலில் போட்டுக் கொடுத்தது நான்தான். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள்.

அப்போது எங்கள் தொழிலில் சத்தம் என்ற ஒன்றையே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கேமராவின் மூக்கில் ஒரு சின்ன மைக் இருக்கும். அதில் நாதஸ்வரம், பிள்ளை அழுகை, என்னுடைய இருமல் எல்லாம் ஒன்றாகக் குழைந்து விழும். மிக்ஸிங்கில் உட்காரும்போது அதை அப்படியே அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவோம். தாலி கட்டும்போது ஒரு பாட்டு. பந்திக்கு ஒரு பாட்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் ஆற்றுப் படித்துறையில் நிற்கும்போது ஒரு பாட்டு. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், எல்லா வீட்டிலும் அதைத்தான் விரும்பிப் பார்த்தார்கள்.

அவன் வந்துதான் கெடுத்தான். கறுப்பு ஸ்பாஞ்ச் உறை போட்ட நீளமான ஒரு மைக்கை எங்கிருந்தோ வாங்கி வந்தான். கன் மைக் என்றான். எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கத்துச் சத்தத்தை மட்டும் எடுக்குமாம். அவனுடைய மச்சினன் கேமரா பிடிப்பான். இவன் அந்த மைக்கை ஒரு மூங்கில் கம்பில் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மீன் பிடிக்கிறவன் மாதிரி நிற்பான். போதாக்குறைக்கு, எந்த வீட்டுக்குப் போனாலும், "ஜமுக்காளம் இருக்கா? இருக்கதெல்லாம் கொண்டாங்க" என்று கேட்டு வாங்கி மணமேடையில் விரிப்பான், சுவரில் தொங்கவிடுவான்.

ஜங்ஷன் டீக்கடையில் வைத்து, நாலு பேர் முன்னால் நானே கேட்டேன். "என்னலே, காதுல என்னத்தயோ மாட்டிக்கிட்டு அலையுத? எருமைக் கொம்புக்குக் குப்பி மாட்டுன மாரி இருக்கு."

"கேக்கணும்லா அண்ணாச்சி" என்றான்.

"ஜமுக்காள யாவாரம் வேற தொடங்கிட்டியாம்லா?"

"ஆமா அண்ணாச்சி. ஒங்க வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டா?"

நாலு பேரும் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்து அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவர்கள், அவனோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பாவது போகட்டும். தச்சநல்லூரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். சைவக் குடும்பம். மூன்று பெண்கள். மூத்தவர்கள் இரண்டு பேர் கல்யாணத்தையும் நான்தான் எடுத்தேன். அவருக்குத் தச்சநல்லூரிலிருந்து சீவலப்பேரி வரைக்கும் சொந்தம். அந்த வீட்டு வீடியோக்காரன் என்றால் அத்தனை வீட்டுக்கும் வீடியோக்காரன். அந்த வீடு கைமாறினால் அத்தனை வீடும் பின்னாலேயே போகும். கடைசிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனேன்.

சாருக்கு இதற்குள் பார்வை போயிருந்தது. கண்ணில் அழுத்தம் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிவிட்டது. நான் வந்த சத்தம் கேட்டே ஆளைச் சொன்னார்.

"வாரும். நீரு எடுத்த கேசட்டு ரெண்டையும் போன வாரம் போடச் சொல்லிக் கேட்டேன்வே. எம் பொண்ணுக கல்யாணமா, சினிமாக் கொட்டகையான்னு வெளங்கல."

"படம் நல்லா வந்திருக்கும் சார்."

"வந்திருக்கும். எனக்கு எதுக்குவே படம்?"

அவர் தொடர்ந்தார். "ஜங்ஷன்ல ஒரு பையன் இருக்கானாம்லா. எங்க சகலை வீட்டுக் கல்யாணத்த எடுத்திருக்கான். ஓதுவார் பாடுதது, ஐயர் தும்முதது, எல்லாம் தனித்தனியாக் கேக்கு. பக்கத்துல உக்காந்திருக்க மாரி இருக்கு. இவளுக்கு மாப்பிள்ள டெல்லியில. கட்டிக் குடுத்தா வருசத்துக்கு ஒரு தரம் வந்தாப் பெருசு. அவ மொகந்தான் எனக்கு இல்லைன்னு ஆயிட்டு. கொரலாவது வேணும்வே."

அந்தப் பெண் தேவாரம் நன்றாகப் பாடும். உள்ளேயிருந்து எனக்கும் அவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து டம்ளர் மேல் வைத்துவிட்டுப் போனது.

நான் சொல்லிவிட்டேன். "எங்கிட்டயும் கன் மைக் இருக்கு சார்."

"எப்பம் வாங்கினீரு?"

"இப்பந்தான் சார்."

அவர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, "அப்பம் சரி. மாசியில நிச்சயதாம்பூலம். அத நீரு எடும். கேட்டுட்டுக் கல்யாணத்துக்குச் சொல்லுதேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மைக் வாங்கத் திருவனந்தபுரம் போக வேண்டும் என்றேன். பெயரைக் கேட்டாள். கன் மைக் என்றேன்.

"துப்பாக்கியா வாங்கப் போறிய? யாரச் சுட?"

"அவனத்தான்."

"அவன் ஒங்களுக்கு என்ன செஞ்சான்?"

அவன் எனக்கு எதுவும் செய்யவில்லை என்பதுதான் எரிச்சல். எதையாவது செய்திருந்தால் ஒரு நாள் சட்டையைப் பிடித்துக் கேட்டு முடித்திருப்பேன்.

சென்னைக்குப் போகாமல் திருவனந்தபுரம் போனதற்குக் காரணம், அது பக்கம் என்பது மட்டுமில்லை. அவன் சென்னையில் வாங்கியதாகச் சொன்னார்கள். அவன் வாங்கிய ஊரில் நான் வாங்க மாட்டேன். நாகர்கோவில் வழியாகப் பஸ் பிடித்து, சினிமாக்காரர்களுக்குச் சாமான் கொடுக்கிற ஒரு கடையை விசாரித்துப் போனேன்.

கடைக்காரர் மலையாளி. இரண்டு மைக்கை எடுத்துத் துணியில் வைத்தார். ஒன்று ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மற்றது ஒன்றேகால் முழம். குழாயின் பக்கவாட்டில் நெடுக வரிசையாகக் கீறல் விட்டிருந்தது. கையில் எடுத்தால் புல்லாங்குழலுக்கும் துப்பாக்கிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது.

"அகத்தோ, புறத்தோ?" என்று கேட்டார்.

உள்ளேயா வெளியேயா என்கிறார். கல்யாணம், நிச்சயதார்த்தம் என்றேன்.

"அப்போ மண்டபத்துக்குள்ள. சின்னது மதி. நீளம் கூடினா ஹாலில முழக்கம் வரும் சேட்டா."

சின்னது போதும், நீளமானது ஹாலில் எதிரொலிக்கும் என்கிறார். நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். வேட்டியும் தோளில் துண்டுமாகப் போயிருந்தேன். நாட்டுப்புறத்தான், சின்னதைக் காட்டி அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார் என்று எனக்குப் பட்டது. என் மனசில் அந்த நேரம் ஓடியது ஒன்றுதான். அவனுடைய மைக் உறையோடு பார்த்தால் முக்கால் முழமாவது இருக்கும். அதைவிடச் சின்னதை வாங்கிக்கொண்டு நான் எப்படி ஜங்ஷன் பக்கம் தலைகாட்டுவது?

"பெருசப் போட்டுக் காட்டும்" என்றேன்.

கடை வாசலில் நின்று ஹெட்போனை மாட்டினார். அந்த ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் யாருமில்லை, மாட்டிக்கொண்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்தடியில் லாட்டரிச் சீட்டு விற்கிறவன் நின்றான். பஸ்ஸும் லாரியுமாக ஓடுகிற ரோடு. மைக்கை அவன் பக்கம் நீட்டினேன். அவன் என் தோளில் கை போட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. சீட்டைக் கிழிக்கிற சத்தம்கூடக் கேட்டது. கொஞ்சம் திருப்பினால் அவன் காணாமல் போய், பெட்டிக்கடையில் சோடா உடைக்கிற சத்தம் வந்தது.

இதற்கு மேல் என்ன வேண்டும்? வாங்கிவிட்டேன். வாங்க என்ன பாடுபட்டேன் என்பதை விட்டுவிடுகிறேன். கடைக்காரர் பில் போடும்போது மறுபடியும், "புறத்து நல்லதாணு" என்று சொன்னார். வெளியே என்றால் நல்ல சாமான்தான் என்கிறார். எனக்கு 'நல்லது' என்பது மட்டும் காதில் ஏறியது.

நிச்சயதாம்பூலம் தச்சநல்லூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மேலே தகரக் கூரை, மூன்று பக்கமும் வெள்ளையடித்த சுவர், சிமெண்டுத் தரை. மேடைக்குப் பின்னால் ஒரு வாசல், அதில் பூப்போட்ட திரை. கேமராவின் தலையில் மைக்கைப் பொருத்தி ஹாலின் இந்தக் கடைசியில் நின்றேன். பக்கத்தில் போகவில்லை. லாட்டரிக்காரனை ரோட்டைத் தாண்டி எடுத்த மைக்குக்கு இந்த ஹால் எம்மாத்திரம்?

ஆட்கள் வந்து வந்து பார்த்தார்கள். "ராக்கெட்டு மாரில்லா இருக்கு" என்றார் ஒருவர். "அந்த ஜங்ஷன்காரன் வச்சிருக்கது இதுல பாதி காணாதுவே" என்றார் இன்னொருவர். அவருக்கு என் செலவில் ஒரு சோடா வாங்கிக் கொடுக்கலாம் போல இருந்தது. ஹெட்போன் நான் வாங்கவே இல்லை. எருமை என்று ஊர் கேட்கச் சொன்னவன், அதே குப்பியை என் தலையில் எப்படி மாட்ட முடியும்? ஜமுக்காளமும் கேட்கவில்லை.

தாம்பூலத் தட்டு மாற்றினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். மாப்பிள்ளையின் அக்கா, "நீ தேவாரம் பாடுவியாம்லா, ஒண்ணு பாடேன்" என்றாள். அந்தப் பெண் எழுந்து நின்று, அப்பா உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பிப் பாடியது. நான் மைக்கை நேராக அவள் முகத்துக்கு வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் முகத்தை நிமிர்த்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது நினைத்தேன், முடிந்தது, இந்த வீடு என்னுடையது என்று.

கேசட்டில் ஒரு பாட்டும் ஏற்றாமல், எடுத்தது எடுத்தபடி கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் அதைப் படமாகத்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன். முகம் தெளிவா, வெளிச்சம் சரியா என்று பார்த்தேன். சத்தத்தை உட்கார்ந்து கேட்கிற பழக்கம் எங்கள் தொழிலில் யாருக்கு இருந்தது? அவர்கள் வீட்டு டெக்கில் நானே போட்டேன். சாரும், அவர் வீட்டம்மாவும், அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் ஒரே இரைச்சல். எவர்சில்வர் தட்டு வைக்கிற சத்தம் தகரத்தில் போய் மோதித் திரும்பி, ஒரு தட்டுக்கு நாலு தட்டாக விழுந்தது. குலவை சங்கு ஊதுகிற மாதிரி இருந்தது. பிறகு தேவாரம் வந்தது. பாழுங்கிணற்றுக்குள் நின்று யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. ஒரு சொல் முடியுமுன் அடுத்த சொல் அதன் மேல் ஏறியது. இரண்டாவது அடி முடிகிற இடத்தில், அவளுக்குப் பின்னாலிருந்து, வேறொரு குரல் கணீரென்று வந்தது.

"ஏலே, ரசத்துல உப்ப எவம்லே போட்டான்? ரெண்டு பேரும் போட்டியளோ?"

மேடைக்குப் பின்னால் இருந்த அந்த வாசலுக்கு அப்பால்தான் சமையல் நடந்திருக்கிறது. திரையோடு படம் நின்றுவிட்டது. மைக் நிற்கவில்லை. அவளைத் தாண்டி, திரையைத் தாண்டி, நேரே அடுப்படிக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவள் பாடப் பாட, அவர்கள் உப்பைப் பற்றிப் பேசி முடித்து, தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்பதற்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியது. சிரித்ததா அழுததா தெரியாது. சார் கேசட் முடியும்வரை அசையாமல் கேட்டார்.

"ரசம் நல்லாத்தான் இருந்திச்சுவே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கல்யாணம் அவனுக்குப் போனது.

வைகாசியில் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்தது. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அவன் எப்படிச் சொதப்புகிறான் என்று பார்க்கவாவது போக வேண்டும் என்று மனசு சொன்னது. போனேன்.

அது பெரிய மண்டபம், நிச்சயதாம்பூலம் நடந்த மண்டபத்தைவிட மோசமாக எதிரொலிக்கக்கூடியது. எதிரொலியைக் குடிக்கட்டும் என்று அவன் மேடை முழுக்க ஜமுக்காளம் விரித்திருந்தான். பின் சுவரில் மூன்று தொங்கின. மைக்கை மூங்கில் கம்பில் கட்டி, மணமக்கள் உட்காரும் இடத்துக்கு மேலிருந்து கீழே பார்க்க நீட்டியிருந்தான். அந்த இடத்தைத் தாண்டினால் மைக்குக்கு எட்டத் தரையும் ஜமுக்காளமும்தான் இருந்தன. வெளிக்காற்று இல்லாததால் ஸ்பாஞ்ச் உறையைக் கழற்றி வைத்திருந்தான். அன்றைக்குத்தான் உள்ளே இருப்பதைப் பார்த்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. திருவனந்தபுரத்தில் துணி மேல் கிடந்த அதே சின்னது.

என்னைப் பார்த்ததும் கம்பை மச்சினனிடம் கொடுத்துவிட்டு வந்தான். பெண்ணும் சாரும் மேடைக்கு வந்திருந்தார்கள், சடங்கு இன்னும் தொடங்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி. ஒங்க மைக்கு பெரிய மைக்காம்லா. எல்லாரும் சொல்லுதாங்க."

கிண்டலா என்று அவன் முகத்தைத் தேடினேன். கிண்டல் இல்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"இதக் கேட்டுப் பாருங்க" என்று ஹெட்போனைக் கழற்றி நீட்டினான். இத்தனை ஜனத்துக்கு நடுவில் எப்படி மாட்டுவது? ஆனாலும் கேட்க வேண்டும் போலவும் இருந்தது. ஒரு தூண் பக்கமாகத் திரும்பி, ஒரு காதில் மட்டும் வைத்தேன்.

மண்டபம் காணாமல் போய்விட்டது. அந்தப் பெண் தன் அப்பாவிடம் பேசுவது மட்டும் கேட்டது. "மால சரிஞ்சிருக்குப்பா. இருங்க, நான் சரி பண்ணுதேன்." பூ உரசுகிற சத்தம். அவர், "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். "தாலி கட்டாம எப்படிப்பா சாப்புடுது?" என்று அவள் சிரித்தாள்.

என் ஸ்டுடியோ, என் கேமரா, என் ரோஜாப் பூ, என் ஒன்றேகால் முழம், எல்லாம் ஒரு நிமிஷத்தில் குப்பையாகிவிட்டன. ஹெட்போனைக் கழற்றி அவன் கையில் வைத்தேன். நல்லா இருக்கு என்று சொல்ல என் நாக்கு புரளவில்லை. என்னத்தையாவது குறை சொல்லியாக வேண்டும்.

"ஃபேன் சத்தம் கேக்குலே" என்றேன்.

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் அவன் உடனே மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டான். "ஆமா அண்ணாச்சி, அடியில லேசா இருக்கு. கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிட்டு" என்று சொல்லிவிட்டு, மண்டபத்து மேனேஜரைத் தேடி ஓடினான்.

தாரை வார்க்கிற நேரத்தில் அத்தனை ஃபேனும் நின்றது. வைகாசி வெயில். உள்ளே அடைத்துக்கொண்டு ஜனம்.

"ஏலே, ஃபேன எவம்லே அமத்துனது?"

"வீடியோக்காரன் சொன்னானாம்."

"அவனுக்கா கல்யாணம்?"

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் எழுந்துபோய் அவனைப் பிடித்து ஏசினார். அவன் ஒரு கையில் கம்பை உயர்த்திக்கொண்டு, மறு கையை நெற்றிக்குக் கொண்டுபோய், அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம் என்று கும்பிட்டான். ஜனம் பத்திரிகையால் விசிறிக்கொண்டு அவனைத் திட்டியது. நான் பந்தி வாசலில் நின்று பார்த்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிற்றில் குளிர்ச்சியாக இருந்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனி மாதம் சார் ஆள் விட்டார். போனேன். பெண் டெல்லிக்குப் போய்விட்டிருந்தது. வீட்டம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அவர் மட்டும் டெக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாரும். இந்தப் பொத்தான் எது என்னன்னு எனக்குத் தட்டுப்பட மாட்டேங்கு. கேசட்டு உள்ளதான் இருக்கு. போடும்."

போட்டேன். தாரை வார்க்கிற இடம். படத்தில் பெண்ணின் கையும் மாப்பிள்ளை கையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுக்கு மேல் இருந்தன. அவருடைய கை தட்டுக்கு வெளியே விலகியிருந்தது. அவள் குரல் வந்தது. ரொம்பச் சின்னக் குரல். பக்கத்தில் நின்ற ஐயருக்குக்கூடக் கேட்டிருக்காது.

"அப்பா, கைய இன்னும் கொஞ்சம் இங்கிட்டு. ம். இப்பம் சரி."

பிறகு தண்ணீர் தட்டில் விழுகிற சத்தம். ஒவ்வொரு சொட்டாக எண்ணிவிடலாம். அடியில் ஒரு இரைச்சல் இல்லை. அதற்கு மேல் குலவை எழுந்தது.

சார் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "காத்தாடிய அமத்தச் சொன்னது நீராம்லா?"

நான் கேசட் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அந்தப் பையன்தான் சொன்னான். ஸ்டுடியோ அண்ணாச்சி சொல்லித்தான் அமத்துனேன், இல்லைன்னா இது கேட்டிருக்காதுன்னு. எல்லார்ட்டயும் அதத்தான் சொல்லுதான். நல்ல காதுவே உமக்கு. பின்ன எனக்கு ஏன் ரசத்தப் புடிச்சிக் குடுத்தீரு?"

அவன் அதை மறைத்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? அத்தனை ஏச்சும் வாங்கியவன் அவன், பெயரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படிக்குக் கீழே குனிந்து கிடந்த பயலிடம் மைக் இருந்தது, காது இருந்தது, இதுவும் இருந்தது.

"என்னவே பேசாம இருக்கீரு? இன்னொரு தரம் போடும்" என்றார் சார்.

பொத்தானை அமுக்கி, அவன் எடுத்த கேசட்டை என் கையாலேயே திரும்பச் சுற்றினேன்.